கொடுப்பது அச்சடித்திருக்காது: ஊர் சுற்றும் ஜூம் லென்ஸின் கதை

கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கேமராவில் ஒரு ஜூம் லென்ஸ் மாட்டியிருக்கிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் கடையின் கண்ணாடி அலமாரியில் இன்னொன்று இருக்கிறது. அது இன்னும் கொஞ்சம் தூரம் இழுக்கும், அல்லது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வாங்கும். இருப்பதை விற்றுவிட்டு, மேலே கொஞ்சம் பணம் போட்டு அதை வாங்கிவிடலாமா?

இப்படி வீட்டை விட்டுக் கிளம்பும்போது மாட்டினால் திரும்பி வரும்வரை கழற்ற வேண்டியிராத லென்ஸுக்கு வாக்-அரவுண்ட் லென்ஸ் என்று பெயர். தெரு, கோயில், கல்யாண வீடு, கடற்கரை எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று நம்பித்தான் வாங்குவார்கள். அதனால்தான் அதை மாற்றுவது என்றால் இவ்வளவு குழப்பம்.

வணிகவியல் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. முதல் வருடப் பாடத்திலேயே வரும் வாய்ப்புச் செலவுதான் இது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று கைவிட்டுப் போகிறது. போனதன் மதிப்புதான் உண்மையான செலவு. ஆனால் லென்ஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாங்குவது என்ன என்பது லென்ஸின் மேலேயே பெரிய எண்களில் அச்சடித்திருக்கும். கொடுப்பது என்ன என்பது எங்கேயும் அச்சடித்திருக்காது! அறுபது வருடங்களுக்கும் மேலான இந்த லென்ஸ்களின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்தது இதுதான்.

முதலில் இரண்டு எண்கள்

கதைக்குள் போகுமுன் இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, குவியத் தூரம். இதை மி.மீ. கணக்கில் சொல்வார்கள். எண் சிறியதாக இருந்தால் காட்சி அகலமாக விழும். பெரியதாக இருந்தால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 28 என்றால் ஒரு சின்ன அறையில் நிற்கும் குடும்பம் முழுவதும் அடங்கிவிடும். 50 என்றால் ஏறக்குறைய இயல்பான பார்வை. 200 என்றால் எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் காகம். இந்த எண் மாறாத லென்ஸ் பிரைம் லென்ஸ். மாறுவது ஜூம்.

இரண்டு, அபெர்ச்சர். லென்ஸின் துளை எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும் எண். இங்கே எண் சிறியதானால் துளை பெரியது. எஃப் 2.8ல் வரும் வெளிச்சத்தில் பாதிதான் எஃப் 4ல் வரும். எஃப் 5.6ல் கால் பங்கு. வெளிச்சம் பாதியானால் ஷட்டர் இரண்டு மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் கை ஆடலாம், எதிரே இருப்பவரும் ஆடலாம். இந்த இரண்டு ஆட்டமும் ஒன்றல்ல என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காலால் ஜூம் செய்த காலம்

1925ல் ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் லைக்கா கேமரா அறிமுகமானது. அதில் இருந்தது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான். அதைக் கழற்றவும் முடியாது. கழற்றி மாற்றும் வசதி 1930ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பலர் மாற்றவில்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு கழித்தவர். பக்கத்தில் வேண்டுமா, நாலடி முன்னால் போ. அகலமாக வேண்டுமா, நாலடி பின்னால் வா. அவ்வளவுதான்.

அப்போது ஜூம் லென்ஸ் என்ற யோசனையே இல்லையா? இருந்தது. அமெரிக்காவில் கிளைல் ஆலன் என்பவர் 1902லேயே ஒரு ஜூம் லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1932ல் பெல் அண்ட் ஹோவல் நிறுவனம், இங்கிலாந்தின் டெய்லர் டெய்லர் அண்ட் ஹாப்சன் தயாரித்த 40-120 மி.மீ. குக் வேரோ லென்ஸைச் சினிமாக்காரர்களுக்கு விற்றது. 1940களின் கடைசியில் ஃப்ராங்க் பேக் உருவாக்கிய ஜூமர் லென்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குள் நுழைந்தது. விளையாட்டு மைதானத்தில் பந்தின் பின்னால் ஓட முடியாத கேமராவுக்கு அது வரப்பிரசாதம்.

பிறகு ஏன் புகைப்படக் கேமராவுக்கு மட்டும் இத்தனை தாமதம்? இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் பரப்பு. 16 மி.மீ. சினிமா ஃபிலிமின் ஒரு கட்டத்தைவிட 24 x 36 மி.மீ. புகைப்பட நெகட்டிவ் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. அந்தப் பரப்பின் மூலை வரைக்கும் தெளிவாக விழ வேண்டும். சினிமாவில் கட்டம் நொடியில் ஓடிவிடும். புகைப்படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வருடக்கணக்கில் பார்ப்பார்கள். குறை தப்பாது.

இரண்டாவது காரணம் கண்ணாடி. பிரைம் லென்ஸில் நான்கு முதல் ஏழு கண்ணாடிகள் போதும். ஜூம் லென்ஸுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4% வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இருபது பரப்புகளைத் தாண்டி வருவதற்குள் பாதிக்கு மேல் காலி! திரும்பிய வெளிச்சமும் சும்மா இருக்காது. உள்ளேயே அலைந்து படத்தை வெளுக்க வைக்கும். 1935ல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு பரவிய பிறகுதான் இதற்கு வழி பிறந்தது.

1959: முதல் லென்ஸ், முதல் கணக்கு

1959ல் அதே ஃப்ராங்க் பேக் வடிவமைத்த லென்ஸ் ஒன்று வாய்க்லாந்தர் நிறுவனத்தின் பெஸ்ஸாமேட்டிக் கேமராவுக்காக வந்தது. பெயர் வாய்க்லாந்தர்-ஜூமர். 36-82 மி.மீ., முழு நீளத்துக்கும் எஃப் 2.8. 35 மி.மீ. புகைப்படக் கேமராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ் இதுதான்.

எண்களைப் பார்த்தால் இன்றைக்கும் ஆசை வரும். ஆனால் உள்ளே 14 கண்ணாடிகள். எடை ஏறத்தாழ 800 கிராம். முன்பக்க ஃபில்டரின் விட்டம் 95 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கிண்ணத்தின் வாய். இதை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம்தான், கழுத்து சம்மதித்தால்! அகலத்தையும் தூரத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கொடுத்த லென்ஸ், பதிலுக்கு எடையை ஏற்றியது. விலையும் சாதாரணமானவர்கள் தொடும்படி இல்லை.

1963: மோசமான லென்ஸ், நல்ல வியாபாரம்

இந்தக் கணக்கை ஜப்பானின் நிக்கான் நிறுவனம் வேறு மாதிரி போட்டது. 1963ல் வந்த ஜூம்-நிக்கார் 43-86 மி.மீ., எஃப் 3.5.

ஏன் 43? புகைப்பட நெகட்டிவின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. 86 அதன் இரண்டு மடங்கு. உள்ளே 9 கண்ணாடிகள்தான். எடை 410 கிராமை ஒட்டி. முக்கியமாக, ஃபில்டர் அளவு 52 மி.மீ. நிக்கானின் 50 மி.மீ. லென்ஸுக்கும் அதே அளவுதான். ஏற்கெனவே வாங்கிய ஃபில்டர்களை அப்படியே மாட்டலாம். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பழையதிலிருந்து புதியதற்கு மாறுகிறவருக்குக் கூடுதல் செலவு இல்லை. வியாபாரம் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

கொடுத்தது என்ன? 43ல் நேர்க்கோடுகள் பீப்பாய் மாதிரி வெளியே புடைக்கும். 86ல் அதற்கு நேர்மாறாக உள்ளே குழியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் வெளுத்துவிடும். நிக்கானின் மோசமான லென்ஸ்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இன்றும் இதை விடுவதில்லை. எஃப் 2 உள்ள 50 மி.மீ. லென்ஸை விட்டுவிட்டு இதற்கு மாறியவர் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தார். மாலை ஆறு மணிக்குப் பிறகு வீட்டுக்குள் படம் எடுப்பது கஷ்டமாகிவிட்டது.

ஆனாலும் விற்றது! 1976ல் 11 கண்ணாடிகளோடு வடிவமைப்பைத் திருத்தி, 1980களின் தொடக்கம் வரை தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். ஏன்? பையில் இருக்கும் அருமையான லென்ஸைவிடக் கேமராவில் மாட்டியிருக்கும் சுமாரான லென்ஸ்தான் படம் எடுக்கும். குழந்தை சிரிக்கும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் சிரிப்பு போய்விடும். கல்யாணத்துக்கும் பயணத்துக்கும் போனவர்களுக்குச் சுவரின் கோடு வளைந்தது தெரியவே இல்லை. கட்டடங்களைப் படமெடுத்தவர்களுக்கு அது தெரிந்தது. ஒரே லென்ஸ், ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம்.

1970கள், 80கள்: விலை இறங்கியது, துளையும் சுருங்கியது

43 மி.மீ. அகலமே இல்லை என்ற குறை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 1970களில் அது தீர்ந்தது. கணக்குப் போடக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. 1971ல் பென்டாக்ஸ் கேமராக்களின் நிறுவனம் பல அடுக்குப் பூச்சு உள்ள லென்ஸ்களைக் கொண்டுவந்தது. 1973ல் கேனான் 35-70 மி.மீ. ஜூம் ஒன்றை வெளியிட்டது. அதில் முன்னால் ஒரு கண்ணாடித் தொகுதி, பின்னால் ஒரு தொகுதி, இரண்டே இரண்டுதான் நகரும். இந்த எளிய அமைப்பால் அகலத்திலிருந்து தொடங்கும் ஜூம் லென்ஸைச் சின்னதாகச் செய்ய முடிந்தது.

1977ல் ஃபுஜிக்கா ஏஇசட்-1 கேமரா 50 மி.மீ. லென்ஸுக்குப் பதில் 43-75 மி.மீ. ஜூம் லென்ஸோடு விற்பனைக்கு வந்தது. லென்ஸ் மாற்றும் கேமராவோடு ஜூம் லென்ஸே முதல் லென்ஸாக வந்தது அதுதான் முதல் முறை. அதன் பிறகு வந்த தலைமுறைக்கு மாறுவதா என்ற கேள்வி இல்லை. பெட்டியைப் பிரித்தாலே ஜூம்.

1985ல் மினோல்ட்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸ் அலையைக் கிளப்பியது. அந்த வேகத்தில் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. எஃப் 3.5-4.5, எஃப் 3.5-5.6 என்று இரட்டை எண் போட்ட லென்ஸ்கள் பெருகின. அகலத்தில் எஃப் 3.5, நீட்டினால் எஃப் 5.6. துளையைப் பெரிதாக வைத்திருக்கத் தேவையான பெரிய கண்ணாடிகள் இல்லாததால் எடையும் விலையும் இறங்கின. வெளிச்சக் குறைவைக் கேமராவின் மீட்டர் தானே சரிசெய்துகொண்டதால் வாங்கியவர் கவனிக்கவில்லை. ஷட்டர் மெதுவாகி, படம் கொஞ்சம் ஆடியிருந்தால், "கை நடுங்கிவிட்டது" என்று தன்னையே நொந்துகொண்டார்.

பெட்டியின் மேல் 200

1985ல் கிரான் நிறுவனத்தின் 28-210 மி.மீ. லென்ஸ் வந்தது. 1992ல் டாம்ரான் 28-200 மி.மீ., எஃப் 3.8-5.6. கையடக்கமான இந்த இரண்டாவது லென்ஸ்தான் சூப்பர்ஜூம் என்ற வகையைச் சாதாரணமானவர்களிடம் கொண்டுபோனது. 28-80ம் 70-210ம் தனித்தனியாகச் சுமந்தவர்கள் இரண்டையும் விற்றுவிட்டு இதற்கு மாறலாம்.

28, 200 இரண்டும் பெட்டியின் மேல் இருந்தன. பெரிய எழுத்தில் போடாத எண் ஒன்று உண்டு: 2.1 மீட்டர். அந்த லென்ஸ் ஃபோகஸ் செய்யும் மிகக் குறைந்த தூரம். ஏழு அடிக்கு உள்ளே வந்தால் எதுவும் தெளியாது. தூரத்துக் கோபுரத்தின் சிற்பம் கிடைத்தது. மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நண்பனின் முகம் கிடைக்கவில்லை! வீட்டுக்குள் பிறந்தநாள் கொண்டாடுகிற எவருக்கும் இது சின்ன இழப்பு அல்ல. பின்னால் வந்த பதிப்புகளில் இந்தத் தூரம் நன்றாகக் குறைந்தது.

2003: எல்லோரும் மாற வேண்டிய கட்டாயம்

இதுவரை மாறியவர்கள் விருப்பப்பட்டு மாறினார்கள். டிஜிட்டல் வந்தபோது கட்டாயத்தால் மாறினார்கள்.

2003ல் கேனான் 300டி கேமரா 1000 டாலருக்கும் குறைவான விலையில் வந்தது. அதன் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. விளிம்புகள் வெட்டுப்பட்டு, லென்ஸின் எண்ணை 1.6ஆல் பெருக்கியது போன்ற காட்சிதான் கிடைக்கும். பழைய 28-80 லென்ஸை மாட்டினால் அது 45-128 போலாகிவிடும். அதாவது 1963ல் 43ல் தொடங்கிய அதே குறை, சரியாக நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது! லென்ஸில் ஒரு திருகுகூட மாறவில்லை. ஆனால் அறைக்குள் குடும்பத்தை அடக்கிய லென்ஸ், பாதிக் குடும்பத்தை வெளியே நிறுத்தியது.

அதனால்தான் 300டி கேமராவோடு 18-55 மி.மீ. லென்ஸும் வந்தது. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 29-88. பழைய 28-80 வேறு எண்ணில் மறுபிறவி எடுத்திருந்தது.

2005 நவம்பரில் நிக்கான் 18-200 விஆர் லென்ஸை அறிவித்தது. கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதியும் உள்ளேயே இருந்தது. அது கடைகளில் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. வாங்கிய பிறகுதான் தெரிந்த விஷயங்களும் உண்டு. கேமராவைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் லென்ஸ் தன் எடைக்குத் தானே நீண்டுவிடும். 2009ல் வந்த அடுத்த பதிப்பில் இதற்காகவே ஒரு பூட்டு வைத்தார்கள். மிக அருகில் ஃபோகஸ் செய்தால் 200 உண்மையில் 200ஆக இருக்காது, நன்றாகக் குறைந்துவிடும். இதுவும் பெட்டியின் மேல் இல்லை.

24-70ஆ, 24-105ஆ?

மாற்றலாமா வேண்டாமா என்ற கேள்வியின் சுத்தமான வடிவம் 2005ல் பிறந்தது. கேனான் 2002ல் கொண்டுவந்த 24-70 மி.மீ. எஃப் 2.8 எல் லென்ஸ் பலரிடம் இருந்தது. எடை 950 கிராம். 2005 ஆகஸ்டில் 5டி கேமராவோடு 24-105 மி.மீ. எஃப் 4 எல் ஐஎஸ் வந்தது. எடை 670 கிராம். இரண்டுக்கும் ஃபில்டர் 77 மி.மீ. ஒன்று மோசம், மற்றொன்று நல்லது என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை. இரண்டுமே நல்ல லென்ஸ்கள்.

24-105க்கு மாறியவர் வாங்கியது: 70க்குப் பதில் 105, அதாவது ஒன்றரை மடங்கு தூரம். 280 கிராம் எடைக் குறைவு. கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஐஎஸ். கேனான் சொன்ன கணக்குப்படி மூன்று படி உதவி. சாதாரணமாக நொடியில் நூறில் ஒரு பங்கு வேண்டிய இடத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு போதும்.

கொடுத்தது: பாதி வெளிச்சம்.

முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்னது இங்கேதான் வருகிறது. ஐஎஸ் நிறுத்துவது கையின் ஆட்டத்தை. எதிரே இருப்பவரின் ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. இருண்ட மண்டபத்தின் தூண்களை எடுப்பவருக்கு எஃப் 4 ஐஎஸ் பெரிய லாபம், தூண் நகராது. அதே மண்டபத்தில் ஓடியாடும் குழந்தைகளை எடுப்பவருக்கு நஷ்டம். எஃப் 2.8ல் 125ல் ஒரு பங்கில் நின்ற குழந்தை, எஃப் 4ல் 60ல் ஒரு பங்குக்கு இறங்கும்போது கை கால் கலங்கித் தெரியும். ஐஎஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

பலர் தவறாகப் போட்ட கணக்கும் ஒன்று உண்டு. "எஃப் 4 என்றால் பின்னணி மங்காது" என்பார்கள். 70ஐ 2.8ஆல் வகுத்தால் 25. 105ஐ 4ஆல் வகுத்தால் 26 சொச்சம். இதுதான் மி.மீ. கணக்கில் துளையின் உண்மையான அகலம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே முகத்தை ஒரே அளவில் எடுத்தால், தூரத்துப் பின்னணி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மங்கும். 105காரர் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவே. ஆக, இழப்போம் என்று பயந்ததில் ஒன்று உண்மையில் இழப்பே இல்லை. நினைத்துப் பார்க்காத இழப்பு வேறு இடத்தில் இருந்தது.

பிறகு வந்த விடைகள்

இந்த இரண்டையும் ஒன்றாக்க முடியாதா என்று அன்று முதல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2012ல் டாம்ரான், முழு அளவு சென்சாருக்கான 24-70 எஃப் 2.8 லென்ஸில் முதல் முறையாகக் கை ஆட்டத் தடுப்பைச் சேர்த்தது. ஃபில்டர் 82 மி.மீ. ஆனது. 77 அளவில் சேர்த்து வைத்த ஃபில்டர்கள் வீண்.

2018ல் அதே நிறுவனம் சோனியின் மிரர்லெஸ் கேமராக்களுக்கு 28-75 எஃப் 2.8 கொண்டுவந்தது. எடை 550 கிராம்தான். எப்படி முடிந்தது? 24ஐ விட்டுவிட்டார்கள். "நாலு மி.மீ. தானே" என்று தோன்றும். 200ல் நாலு மி.மீ. போனால் யாருக்கும் தெரியாது. 24ல் போனால் பார்வைக் கோணம் 84 டிகிரியிலிருந்து 75க்கு இறங்குகிறது. குறுகலான தெருவில் நிற்பவருக்குத் தெரியும்.

2020ல் டாம்ரானிடமிருந்து மீண்டும் ஒரு 28-200. 1992ல் 2.1 மீட்டர் கேட்ட அதே எண்கள், இப்போது அகலத்தில் 19 செ.மீ. வரை நெருங்க விட்டன. அபெர்ச்சரும் எஃப் 2.8ல் தொடங்கியது. லென்ஸ்கள் முன்னேறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

2023 நவம்பரில் கேனானே பழைய கேள்விக்குப் பதில் சொன்னது: 24-105, எஃப் 2.8, ஐஎஸ், எல்லாம் ஒரே லென்ஸில்! 18 வருடம் சண்டை போட்டவர்கள் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. எடை 1330 கிராம். 2005ல் வந்த 24-105ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அறிமுகமானபோது அமெரிக்க விலை 2999 டாலர். ஸ்டாண்டில் மாட்ட ஒரு வளையமும் கூடவே தருகிறார்கள். வளையம் தேவைப்படுகிற லென்ஸை மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் ஊர் சுற்ற முடியும்? 1959ல் ஜூமரை வாங்கியவரின் கழுத்து கேட்ட அதே கேள்வி.

சரி, மாற்றலாமா?

அகலம், தூரம், வெளிச்சம், எடை, விலை, கோணல் இல்லாத படம் இவற்றில் சிலதைத்தான் ஒரு லென்ஸால் தர முடியும் என்பதை வரலாறு காட்டுகிறது. தொழில்நுட்பம் வளர வளர ஒவ்வொன்றும் மலிவாகிறது. இலவசமாக மட்டும் ஆவதில்லை. ஆகவே "எது நல்ல லென்ஸ்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. "எதைக் கொடுத்தால் எனக்கு வலிக்காது?" என்ற கேள்விக்குப் பதில் உண்டு. அந்தப் பதில் கடையில் இல்லை, ஏற்கெனவே எடுத்த படங்களில் இருக்கிறது.

1963ல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இன்று டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் குவியத் தூரம், அபெர்ச்சர், ஷட்டர் வேகம் எல்லாம் பதிவாகிவிடுகின்றன. மனதுக்குப் பிடித்த கடைசி இருநூறு படங்களை எடுத்து எண்ணிப் பார்க்கலாம். 24-70 வைத்திருப்பவரின் படங்களில் பாதி 70லேயே முட்டிக்கொண்டு நிற்கிறதா? அவருக்கு 105 வேண்டும். பாதிப் படங்கள் எஃப் 2.8ல், மங்கிய வெளிச்சத்தில், ஆட்களை எடுத்தவையா? அவர் மாறினால் அந்தப் படங்கள்தான் போகும். எந்த எல்லையிலும் முட்டாமல் எண்கள் நடுவிலேயே பரவிக் கிடக்கிறதா? அப்படியென்றால் பிரச்சினை லென்ஸில் இல்லை. பணத்தை ஒரு ரயில் டிக்கெட்டுக்குச் செலவழிக்கலாம்.

பழைய லென்ஸுக்குக் கொடுத்த விலையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது மூழ்கிய செலவு, திரும்பாது. சேர்க்க வேண்டியது இன்று அதை விற்றால் என்ன கிடைக்கும் என்பதையும், புதிய ஃபில்டர்களுக்கு ஆகும் செலவையும்தான். கேமராவோடு சேர்த்து லட்சக்கணக்கில் விற்ற லென்ஸ் என்றால் பழைய சந்தையில் அதற்குப் பெரிய விலை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. தவறாக மாறியவருக்குத் தான் இழந்தது பெரும்பாலும் தெரியவே தெரியாது. எடுத்த படம் கண்ணில் படும். லென்ஸ் ஒத்துழைக்காததால் எடுக்காமல் விட்ட படத்துக்கு எந்தப் பதிவும் இல்லை. 2.1 மீட்டருக்குள் உட்கார்ந்திருந்த அந்த நண்பனின் முகம் எந்த ஆல்பத்திலும் இல்லை. இல்லை என்பதும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் பழையதை விற்பதற்கு முன்பே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.